தாழ்மை இல்லாத மனு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் நலமென்றே தெரிகிறது. பேருந்துப் பணிமனை அலுவலகத்திலிருந்து நீ திருப்பி அனுப்பிய மனுவில், சிவப்பு மையில் உன் கையெழுத்து கொஞ்சமும் நடுங்கவில்லை.

ஒன்பதாம் வகுப்புக் குடிமையியலில் மனு எழுதுவது பற்றி ஒரு பாடம் உண்டு. இருபது வருடமாக அதைக் கரும்பலகையில் எழுதி அழித்துக்கொண்டிருந்தவள், இந்த வருடம் புத்தி கெட்டுப்போய், நிஜமாகவே ஒன்று எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன். மாலைப் பேருந்து எங்கள் பள்ளி வாசலில் நிற்பதில்லை, அதனால் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, வாயே திறக்காததால் வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் மியூட், தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறாள், இருட்டுவதற்குள் வீடு வராவிட்டால் அடுத்த மாதத்தோடு படிப்பை நிறுத்திவிடுவதாக அவள் அப்பா சொல்லியிருக்கிறார், ஆகவே அவளே எழுதினாள். 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்திருந்தாள். உரிமையைக் கேட்கத் தாழ்மை எதற்கு என்று அந்தச் சொல்லை அடித்தவள் நான். நீயோ, 'தாழ்மையுடன் என்ற சொல் விடுபட்டுள்ளது. சேர்த்து அனுப்பவும்' என்று எழுதிவிட்டாய்.

அலுவலர் தம் கடமையைச் செய்கிறார், மரியாதையாகப் பேச வேண்டும் என்று வகுப்பில் சொன்னேன். முன் பெஞ்சு வாயாடி எழுந்தாள். "டீச்சர், அவரு உங்க தம்பியாமே? வீட்லயே சொல்லி முடிச்சிடக் கூடாதா?" முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "வேணாம் டீச்சர். அப்படிச் சொல்லி பஸ் நின்னா, நீங்க மாத்தலாகிப் போனதும் நிக்காது." மியூட்! ஏழு மாதத்தில் அவள் பேசிய முதல் வாக்கியம். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுதாத எதையோ வெகுநேரம் அழித்தேன்.

உன்மேல் கோபமில்லை. படிவம் பிசகினால் மேலதிகாரி உன்னைத்தான் கேட்பார். ஆனால் தம்பி, உறவு பார்த்து எதுவும் செய்துவிடாதே. அந்தச் சொல்லைச் சேர்க்காமலே மனுவைத் திரும்ப அனுப்பியிருக்கிறோம், விதிப்படி படித்து விதிப்படி பதில் எழுது.

உன் மனைவிக்கு என் அன்பு. குட்டிக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

பி.கு.: உறையை ஒட்டும்போது வாயாடி மூச்சிரைக்க ஓடிவந்தாள். பேருந்து வாசலில் நின்றுவிட்டதாம்! "ஆபீஸ்ல வாயால சொன்னாங்க, ஏறுங்கம்மா" என்றாராம் ஓட்டுநர். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு; நீ தங்கம். ஆனால் மியூட் ஏற மாட்டேன் என்கிறாளாம். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "எழுத்துல ஆர்டர் இருக்கா அண்ணே?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். பேருந்து இன்னும் அங்கேயே நிற்கிறது. வாயாடியிடமே இதைக் கொடுத்துப் பணிமனைக்குச் சைக்கிளில் அனுப்புகிறேன், சீக்கிரம் ஒரு வரி எழுதிக் கொடுடா.