துரையின் காமிராவும் சுழித் தரகரும்

மதுரைச் சீமையில் சுழி பார்க்காமல் ஒரு துரும்பைக்கூடத் தொடாத மனிதர் ஒருவர் இருந்தார் என்றால், அது எங்கள் கோச்சடைத் தெருவின் சுழித் தரகர்தான். மாட்டுக்குச் சுழி பார்க்கும் தரகர்கள் ஆயிரம் பேர் உண்டு. நெற்றியில், திமிலில், முதுகில் ரோமம் எங்கே சுழித்திருக்கிறது என்று தடவிப் பார்ப்பார்கள். ராஜசுழி என்றால் வாங்கினவன் கொடிகட்டிப் பறப்பான். பாடைச்சுழி என்றால் வீட்டில் எழவு விழும். இதெல்லாம் அந்தத் தொழிலில் உள்ளதுதான். ஆனால் குடை வாங்கினாலும், குத்துவிளக்கு வாங்கினாலும், மருமகன் பார்த்தாலும் சுழி தேடியவர் உலகத்தில் இவர் ஒருவர்தான் என்று எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பேர் தெருவில் யாருக்கும் தெரியாது. எனக்கு அவர் சித்தப்பு. ரத்த சம்பந்தம் ஒன்றும் இல்லை. எதிர்வீட்டு சம்பந்தம்.

ஒருமுறை விளக்கில்லாமல் வண்டி ஓட்டி வந்ததற்காக ஒரு ஏட்டு அவரை மடக்கினார். சித்தப்பு பதறவில்லை. இறங்கி வந்து, "ஏட்டையா, அந்தத் தலப்பாவக் கொஞ்சம் கழட்டுங்க" என்றார். என்ன நினைத்தாரோ, ஏட்டும் கழற்றிவிட்டார். "அதான பாத்தேன். ரெட்டைச் சுழி! ரெண்டு தாலி கட்டுற ராசியாச்சே இது!" ஏட்டு வழக்கை மறந்துவிட்டு, "ரெண்டாவது எப்பய்யா அமையும்?" என்று மெதுவாகக் கேட்டாராம்.

இப்பேர்ப்பட்டவர் தன் ஒரே மகள் பேச்சிக்கு மாப்பிள்ளை பார்த்த கதையைக் கேட்க வேண்டுமா? வந்த பையனை வைகைக் கரைவரை நடக்கவிட்டு, திரும்பி வரச் சொல்லி, தான் பின்னாலேயே நின்று குதிகாலைக் கவனித்தார். பிறகு பல்லைப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சந்தையில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். பையன் எல்லாவற்றிலும் தேறினான். ஒரே ஒரு சங்கதியை மட்டும் சித்தப்பு கேட்க மறந்துபோனார். பையனுக்குப் பினாங்கில் ஜவுளிக்கடை வேலை. கல்யாணம் முடிந்த கையோடு பேச்சியையும் கப்பலில் கூட்டிக்கொண்டு போவதாகத் திட்டம்.

"நடை நல்ல நடைதாம்ப்பா. ஆனா ரொம்பத் தூரம் நடந்துருவான் போலயே" என்றார் என்னிடம். சிரிக்கத்தான் சொன்னார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

தாயில்லாத பெண் பேச்சி. தண்ணீர் காட்டுவதும் தவிடு வைப்பதுமாகத் தொழுவத்திலேயே வளர்ந்தவள். அவள் போவதற்குள் அவள் முகம் ஒரு படத்தில் விழுந்தாக வேண்டும் என்று சித்தப்புவுக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. டவுனில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனார். போன வேகத்திலேயே திரும்பி வந்தார்.

"அரமணை வரஞ்ச துணிக்கு முன்னாடி என் மகள நிப்பாட்டுறான். அவ அரமணையிலயா பொறந்தா? படம்னா நம்ம தொழுவத்துல, மாட்டோட நிக்கணும். நீ ஒரு போட்டாப் பொட்டி வாங்கு. நான் பேசி முடிச்சுத் தாரேன்."

எனக்கும் அந்த ஆசை வெகுநாளாக உண்டு. நான் அப்போது ஒரு மில் ஆபீசில் டைப்பிஸ்ட். அங்கே இன்ஜினீயராக இருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊரைவிட்டுப் போகிற சமயம். நாற்காலி, பியானோ, நாய் எல்லாவற்றையும் விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு ஜெர்மன் காமிரா இருந்தது. கைக்கு அடக்கமானது. மாற்றி மாற்றிப் பொருத்த மூன்று லென்ஸ். அதை விலைக்குக் கேட்க எனக்கு இங்கிலீஷ் இருந்தது, துணிச்சல் இல்லை. சித்தப்புவுக்கு இங்கிலீஷ் இல்லை, துணிச்சல் வண்டி வண்டியாக இருந்தது. இருவரும் சேர்ந்து ஒரு முழு மனிதனாகப் பங்களாவுக்குப் போனோம்.

துரை காமிராவை எடுத்துக் கொடுத்ததும் சித்தப்பு அதைச் சுற்றி வந்தார். அடிவயிற்றைத் தட்டினார். மேலே இருந்த சின்ன ஜன்னலில் கண்ணை வைத்தவர், "ஏப்பா, ஒரு துரை ரெண்டு துரையாத் தெரியுறாரே! பொய் சொல்ற பொட்டியாப்பா இது?" என்றார். அந்த ஜாதிக் காமிரா அப்படித்தான். ஜன்னலில் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றான அந்த இடத்தில் எடுத்தால் படம் தெளிவாக விழும். நான் திருகிக் காட்டினேன். இரண்டு துரைகளும் ஒருவராவதைப் பார்த்துச் சித்தப்பு கைதட்டினார்.

பிறகு லென்ஸ்களுக்கு வந்தார். இரண்டைச் சரி என்று ஒதுக்கினார். தூரத்தில் இருப்பதை எடுக்கும் நீள லென்ஸை வெளிச்சத்தில் பிடித்தவர் பாம்பைத் தொட்டவர் மாதிரி கையை இழுத்துக்கொண்டார். "உள்ள ஒரு குமிழு இருக்கு. பாடைச்சுழி!" நல்ல கண்ணாடியில் அப்படி ஒன்றிரண்டு குமிழி இருக்கத்தான் செய்யும், படத்துக்கு ஒன்றும் ஆகாது என்று துரை விளக்கினார். சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொன்னார். சித்தப்பு அசையவில்லை. "சும்மா குடுத்தாலும் பாடைச்சுழி நம்ம வாசப்படி ஏறக்கூடாது." அந்த லென்ஸ் அங்கேயே நின்றுபோனது.

அடுத்தது விலை. மாட்டுத் தாவணிச் சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். தரகர் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைத் தொட்டுத் தொட்டுப் பேசுவார். பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. சித்தப்பு தோள்துண்டை உதறி, துரையின் வலது கையைப் பிடித்திழுத்து மூடினார். இது ஏதோ இந்த ஊர் ஆசீர்வாதம் என்று நினைத்த துரை, சந்தோஷமாக அவர் கையை முழுசாகப் பற்றிக் குலுக்கினார்.

சித்தப்புவுக்கு முழி பிதுங்கியது. "அஞ்சு விரலையும் பிடிக்கிறாரேப்பா! கறாரான ஆளா இருக்காரே!" கொஞ்ச நேரம் துண்டுக்குள்ளே மல்லுக்கட்டிவிட்டு, என் காதில் ஒரு தொகையைச் சொன்னார். அதை நான் இங்கிலீஷில் சொன்னதும் துரைசானியின் புருவம் மேலே ஏறியது. அந்த அம்மாள் விறுவிறுவென்று உள்ளே போய், எங்கள் இருவருக்கும் டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள். அவர்கள் கேட்க நினைத்ததைவிடக் கூடத்தான் கொடுக்கிறோம் என்பது அந்த டீயின் ருசியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

இத்தோடு வந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். கிளம்பும்போது சித்தப்பு காமிராவைக் கழுத்தில் மாட்டும் தோல்வாரைக் கழற்றித் துரையிடம் நீட்டினார். மாட்டை விற்றவன் கயிற்றைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அவன் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாள். வாங்கினவன்தான் புதுக்கயிறு போட்டு ஓட்டிக்கொண்டு போக வேண்டும். "வாரும் அதோடு சேர்ந்ததுதான்" என்று துரை திரும்பத் திரும்பச் சொன்னார். சித்தப்பு கையெடுத்துக் கும்பிட்டார். "அவரு கப்பலேறிப் போற மனுசன். அவரு லச்சுமிய நாம பிடுங்கிட்டுப் போகலாமா? நம்மளும் மகளக் கப்பலேத்துறவக." வாரைத் துரையிடமே கொடுத்துவிட்டு வெளியே வந்தோம்.

சிம்மக்கல்லில் கயிறு வாங்கலாம் என்று ஜட்காவில் வந்தோம். காமிராவைத் துண்டில் சுற்றி, பச்சைப்பிள்ளையைப் போல மடியில் வைத்திருந்தார். கயிற்றுக்கடை முன்னால் வண்டி நின்றது. இவர் இறங்கக் காலைக் கீழே வைத்தார். குதிரை ஓர் அடி முன்னே வைத்தது. துண்டு நழுவியது. டொக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

சித்தப்பு காமிராவை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். விசையை அழுத்தச் சொன்னார். க்ளிக். "உசுரு இருக்குப்பா!" என்று மூச்சுவிட்டார். நானும் ஜன்னலில் பார்த்தேன். கயிற்றுக்கடைக்காரர் இரண்டாகத் தெரிந்து, திருகியதும் ஒழுங்காக ஒருவரானார். பிறகென்ன என்று நிம்மதியாகிவிட்டேன். மஞ்சள் தடவிய புதுக்கயிறு ஒன்றைக் கட்டி, குங்குமம் வைத்து, காமிராவைத் தெருவுக்குள் ஓட்டி வந்தோம்.

பேச்சி புறப்படும் காலை. தொழுவத்துக்கு முன்னால் கல்யாணச் சேலையில் நின்றாள். வாசலில் வண்டி பூட்டி நிற்கிறது, மாப்பிள்ளை அவசரப்படுத்துகிறார். "ஒருத்தரும் அழுகக்கூடாது. போற புள்ளைக்கு ஆகாது. என்னையப் பாருங்க, அழுகுறேனா?" என்று முதல்நாளிலிருந்து எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார் சித்தப்பு. "நீ எடு, மாடு தலைய நீட்டாம நான் பிடிச்சுக்கிறேன்" என்று அவளுக்குப் பின்னால் தள்ளிப்போய்க் காளையின் பக்கத்தில் நின்றுகொண்டார். யுத்த காலம், பிலிம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மிச்சமிருந்தது இரண்டு படத்துக்குத்தான். முதலாவதில் காளை குறுக்கே தலையாட்டிவிட்டது. அடுத்ததை நிதானமாக எடுத்தேன். ஜன்னலில் இரண்டு பேச்சிகளும் ஒரே பேச்சியாகும்வரை திருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன்.

படம் பிரிண்டாகி வருவதற்குள் பேச்சி கடலைத் தாண்டிவிட்டாள். சித்தப்பு படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"நடுவுல பனிமூட்டம் மாதிரி நிக்கிறது பேச்சியா?"

"ஆமா சித்தப்பு."

"மூக்கு முழி ஒண்ணுமே தெரியலயேப்பா." பிறகு, "பின்னால நிக்கிற கெழவன் யாரு?" என்றார்.

பின்னால் நின்ற கிழவர் மட்டும் ரோமக்கால் தெரிய அத்தனை தெளிவாக விழுந்திருந்தார். ஒரு கையில் மூக்கணாங்கயிறு, இன்னொரு கையால் துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

விழுந்த அதிர்ச்சியில் காமிராவுக்குள்ளே ஏதோ விலகிவிட்டதாம். ஜன்னலில் ஒன்றாகத் தெரியும், ஆனால் லென்ஸ் அதற்குச் சில அடி பின்னால் இருப்பதைத்தான் தெளிவாகப் பிடிக்கும். மதராஸில் பழுது பார்த்தவர் சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரிந்தது. அதைக் கேட்ட அன்று சித்தப்பு சுழி, ராசி என்று ஒரு வார்த்தை பேசவில்லை. "மாட்டுக்கு அந்தக் கயிறு மாத்துற வழக்கம் சரிப்பா. இதுக்கு வேற வழக்கம் இருந்திருக்கும். அத நமக்கு யாரு சொன்னா?" என்றார். பிரிண்டிலிருந்து அழுகிற கிழவரை வெட்டி எறியச் சொல்லி, பனிமூட்டம் போல நின்ற பேச்சியை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்தான். கப்பல் நின்றது, தபால் நின்றது. பேச்சி இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாத வருஷங்கள். சித்தப்பு சந்தைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். சாயங்காலங்களில் படத்தோடு என் வீட்டுக்கு வருவார். "அந்த வளையத்தக் கொஞ்சம் திருகுப்பா" என்பார். எடுத்து முடித்த படம் இனித் தெளியாது என்று முதலில் சொல்லிப் பார்த்தேன். "தெரியும்ப்பா. நீ திருகு" என்றார். நான் காமிராவை எடுத்து வளையத்தைத் திருகுவேன். அவர் படத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "இன்னுங் கொஞ்சம்… இன்னுங் கொஞ்சம்… ம், இப்ப அம்புட்டும் தெரியுது" என்பார். இந்த மனிதரைப் பார்த்தா இத்தனை வருஷம் சிரித்தோம் என்று நினைத்துக்கொள்வேன்.

சண்டை ஓய்ந்த செய்தியை அவர் கேட்டார். கப்பல் வரும்வரை இருக்கவில்லை.

பேச்சி வந்தாள். தொழுவம் காலியாக இருந்தது. "அய்யா படம் ஒண்ணுகூட இல்லயாண்ணே?" என்று என்னிடம் கேட்டாள். நெகட்டிவ் என்னிடம் இருந்தது. வெட்டாமல், முழுசாக ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

தன் முகம் எங்கே என்று அவள் தேடவே இல்லை.

"இது எப்ப எடுத்தது?"

"நீ புறப்பட்ட அன்னைக்குத்தான் தாயி."

"எனக்குப் பின்னாடியா நின்னு அழுதாக?"

"ஆமா."

"நான் திரும்பிப் பாக்கவே இல்லயேண்ணே" என்று சொல்லி, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் காமிராவில் நான் எடுத்தவற்றிலேயே நல்ல படம் அதுதான். சித்தப்பு இருந்தால் ஒத்துக்கொள்ளமாட்டார், அந்தக் கிழவன் யாரென்றே தெரியாது என்று சாதிப்பார். அப்படிச் சாதிப்பதற்காகவாவது மனிதர் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்.