கொள்ளுத்தாத்தா சோபா

லாபத்துக்காகப் பொய் சொல்கிறவர்களை எனக்குப் புரியும். ஒரு பிரயோஜனமும் இல்லாமல், யாரும் கேட்காத கேள்விக்குப் பதிலாகப் பொய் சொல்கிற ஆளைத்தான் எனக்குப் புரிவதே இல்லை. அந்த ஆளோடுதான் நாற்பத்து மூன்று வருடமாகக் குடியிருக்கிறேன். தினமும் காலையில் அவனுக்கு நான்தான் சவரம் செய்துவிடுகிறேன்.

ஆறு வருடங்களுக்கு முன்பு என் தங்கை வித்யாவைப் பெண் பார்க்க உறையூரிலிருந்து வருவதாக ஏற்பாடு. பெண் பார்ப்பது என்பது ஒரு பேச்சுக்குத்தான். மாப்பிள்ளை கார்த்திக்கும் அவளும் ஒரே ஆபீஸ். இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பெரியவர்கள் வந்து தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. அப்பா, அம்மா இல்லாத எங்கள் வீட்டில் பெரியவன் நான். கார்த்திக்கின் அம்மா கொஞ்சம் கறார் என்று வித்யாவுக்குள் ஒரு பயம் இருந்தது.

"அண்ணா, அவங்க கேட்டா மட்டும் பதில் சொல்லு. கேக்காததுக்கெல்லாம் சொல்லாத" என்று ஒரு வாரமாக மந்திரம் ஓதினாள். (பிறந்ததிலிருந்து என்னைத் தெரிந்தவள்.)

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு முதல் மாடி. ஹாலில் அப்போது நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் மட்டும். அதில் ஒன்று, உட்கார்ந்தால் மெல்லக் காலை விரித்துவிடும். கடைக்குப் போய் ஒரு புது சோபா வாங்கி வரும்படி என் மனைவி கலா சொன்னாள். சின்ன வேலைதான். ஆனால் நான் அந்தச் சமயத்தில் மதியச் சாப்பாட்டு வேளையில் போனில் பழைய மரச்சாமான் வீடியோக்கள் பார்க்கிற பழக்கத்தில் விழுந்திருந்தேன். பதினேழு வீடியோ முடித்திருந்தேன். பதினேழு வீடியோ பார்த்தவன் இந்த நாட்டில் எந்தத் துறைக்கும் நிபுணன்தான் இல்லையா?

"புதுசெல்லாம் மரத்தூளும் பசையும், கலா. ஒரு வீட்டுக்குள்ள நுழைஞ்சா சோபாவப் பாத்துத்தான் பரம்பரையவே எடை போடுவாங்க."

"ஏங்க, அவங்க உக்காரணும். அவ்வளவுதான்."

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் ரஹீம் பாய் பழைய மரச்சாமான் கடை வைத்திருந்தார். அங்கே கட்டில்களுக்கும் பீரோக்களுக்கும் நடுவே அது நின்றது. மூன்று பேர் உட்காரும் தேக்கு சோபா. கைப்பிடியின் முனையில் யாளி மாதிரி ஏதோ ஒன்று, மூக்கு உடைந்து. மெரூன் வெல்வெட் உறை, ஆட்கள் உட்கார்ந்த இடத்தில் மட்டும் ரோஜா நிறத்துக்கு வெளுத்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீடியோவில் சொன்னபடி மரத்தைத் தட்டினேன். மோந்து பார்த்தேன். போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்து அடிப்பக்கத்தை ஆராய்ந்தேன்.

"மணப்பாறை சந்தையில மாட்டுக்குப் பல்லு பாக்குற மாதிரியே பாக்குறீங்களே சார்" என்றார் பாய்.

கைப்பிடிக்கு அடியில், யாரும் பார்க்க முடியாத இடத்தில், 'கா. 4-பி' என்று கூர்மையாகக் கீறியிருந்தது. எனக்குப் புல்லரித்தது.

"பாய், இது செஞ்ச கம்பெனியோட முத்திரை. நாலு பி-ங்கிறது டிசைன் நம்பர்."

பாய் சற்று நேரம் மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்தார். "அல்லாஹ்வுக்குத்தான் தெரியும் சார். எனக்குத் தெரிஞ்சத நான் சொல்லிடுறேன். வீடு இடிச்சுக் கட்டுறாங்கன்னு ஒரு குடும்பம் கொடுத்தது. மரம் அருமையான மரம். நடு சீட்டுல மட்டும் ஸ்பிரிங் போயிடுச்சு. அரியமங்கலத்துல நம்ம ஆளு இருக்காரு, ரெண்டே நாள்ல ஸ்பிரிங் மாத்தி, புது நார் அடைச்சு, துணியும் போட்டுக் கொடுத்துருவாரு."

"ஐயோ பாய்! ஒரிஜினல் ஸ்பிரிங்கத் தொட்டா மதிப்பே போயிடும்."

"உக்காந்தா குத்தும் சார்."

"குத்தட்டும். ஒரிஜினலாக் குத்தட்டும்."

அந்த நல்ல மனிதர் பில் புத்தகத்தை எடுத்தார்.

குட்டியானை வண்டியில் ஏற்றினோம். சோபா நகராமல் இருக்க யாராவது அதன் மேல் உட்கார வேண்டும் என்றார் டிரைவர். காவிரிப் பாலத்தை நான் வெல்வெட்டின் ஓரத்தில் கால்மேல் கால் போட்டு அமர்ந்தபடி கடந்தேன். பின்னால் வந்த டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஸ்ரீரங்கத்தில் வாகனத்தில் ஏறி வீதியுலா வருகிற உரிமை ஒருவருக்குத்தான் உண்டு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கலா கதவைத் திறந்து சோபாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சாம்பிராணி போடப் போய்விட்டாள். வித்யா ஆசையாக ஓடிவந்து நடுவில் உட்கார்ந்தாள். அடுத்த விநாடி "அம்மா!" என்று துள்ளி எழுந்து, நின்ற இடத்திலிருந்து என்னை முறைத்தாள்.

"நாளைக்கு அவங்கம்மா இதுல உக்காந்தா என் கதி என்ன அண்ணா?"

நடுவில் நான்காக மடித்த ஜமுக்காளத்தைப் போட்டு, அதன் மேல் ஒரு தலையணையைச் செருகி, அங்கே யாரையும் உட்காரவிடக்கூடாது என்று முடிவு செய்தோம். அதாவது, அவர்கள் இருவரும் முடிவு செய்தார்கள். நான் மடித்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தார்கள். கார்த்திக், அவன் அப்பா சண்முகம், அம்மா லலிதா. உள்ளே கால் வைத்த லலிதா அம்மாள் சோபாவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். அசந்துபோய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். சண்முகம் நேராகப் போய் இடது ஓரத்தில் உட்கார்ந்தார். கைப்பிடியை ஒரு முறை தடவிக் கொடுத்தார். மூன்று பேருமே, சொல்லிவைத்தாற்போல், நடு இடத்தை விட்டுவிட்டார்கள். கார்த்திக் பிளாஸ்டிக் நாற்காலிக்கே போய்விட்டான். நம் ராசிதான் என்று மகிழ்ந்தேன்.

கேசரி வந்தது. பேச்சு வரவில்லை. எல்லோரும் சோபாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதனால் நான் பதில் சொன்னேன்.

"எங்க கொள்ளுத்தாத்தா சோபா."

சமையலறை வாசலில் வித்யா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்படீங்களா?" என்றார் சண்முகம் பணிவாக. "என்னவா இருந்தாங்க?"

"கலெக்டர் ஆபீஸ்ல பெரிய பதவி. வெள்ளைக்காரக் கலெக்டர் ஊருக்குப் போறப்ப இவருக்குன்னு கொடுத்துட்டுப் போனது. சாயந்தரமானா இதே ஓரத்துலதான் உக்காருவாராம்."

"இந்த ஓரத்துலயா?" சண்முகம் தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். "அப்ப இந்த மூக்கு உடைஞ்சது?"

"அது... கலவரத்துல."

"ஓ. கைப்பிடியில கருகின மாதிரி ஒரு இடம் இருக்கே தம்பி?"

"கலெக்டர் சுருட்டு" என்றேன் தயங்காமல்.

லலிதா அம்மாளுக்குக் கேசரி புரையேறியது. கலா தண்ணீர் கொண்டு ஓடினாள். குடித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த அம்மாள் தெளிவாகச் சொன்னார்:

"சுருட்டு இல்லப்பா. நான் வெச்ச இஸ்திரிப் பெட்டி."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"மூக்கு உடைஞ்சது இவரு பழைய டிவிய மேல போட்டப்ப. அடியில பாரு, 'கா. 4-பி'ன்னு இருக்கும். கார்த்திக் நாலாம் கிளாஸ் பி செக்ஷன்ல படிக்கிறப்ப காம்பஸ்ஸால கீறினான். அன்னிக்கு வாங்குன அடி அவனுக்கே ஞாபகம் இருக்கும்."

பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து கார்த்திக் மெல்லத் தலையாட்டினான்.

உட்கார இடம் தேடினேன். அருகில் இருந்த காலி இடம் ஒன்றுதான். ஜமுக்காளம் விலகியது, தலையணை சரிந்தது. அந்த ஒரிஜினல் ஸ்பிரிங் என் புது வேட்டியைத் துளைத்துக்கொண்டு என்னைப் பற்றியது. எழப் பார்த்தேன், வேட்டி கிழியும் சத்தம் கேட்டது. மறுபடி உட்கார்ந்தேன், குத்தியது. தங்கையின் கல்யாணம் என் கண் முன்னாலேயே, என் அடியிலேயே, கிழிந்துகொண்டிருந்தது.

சண்முகம் என் தோளில் கை வைத்தார். "பதறாதீங்க தம்பி. வலது பக்கமாச் சாஞ்சு, மூச்ச இழுத்துப் பிடிச்சு, மெதுவா எந்திரிங்க. நாங்க பத்து வருஷமா அப்படித்தான் எந்திரிச்சோம்."

அவர் சொன்னபடியே எழுந்தேன். முதலில் சிரித்தது லலிதா அம்மாள்தான். கறார் என்று சொல்லப்பட்ட அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அதைப் பார்த்து கார்த்திக், அப்புறம் கலா. கடைசியாக வித்யா, அழுதுகொண்டே.

வேட்டி மாற்றிக்கொண்டு வந்தபோது விஷயம் வெளியே வந்தது. அந்த சோபாவை ஒரு ரயில்வே பங்களா ஏலத்தில் எடுத்தவர் சண்முகத்தின் அப்பா. வீட்டை இடிக்கிற சாக்கில் லலிதா அம்மாள் அதை பாய் கடைக்கு அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து சண்முகம் வீட்டில் சரியாகப் பேசுவதில்லை.

"நல்ல இடத்துலதான் வந்து சேந்திருக்கு" என்றார் அவர், கைப்பிடியை விட்டுக் கையை எடுக்காமல். "பொண்ணையும் எங்களுக்குப் பிடிச்சிருக்கு. சீரு செனத்தின்னு எதுவும் வேண்டாம் தம்பி."

"ஒரே ஒரு கண்டிஷன் உண்டு" என்றார் லலிதா அம்மாள். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். "கல்யாணத்துக்கு அப்புறம் அன்பா இருக்கோம்னு சொல்லி, இந்த சோபாவ மட்டும் எங்களுக்குத் திருப்பிக் கொடுத்துடாதீங்க."

கல்யாணம் நன்றாக நடந்தது. வரவேற்பில் சம்பந்தி என்னைத் தன் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும், "இவரு கொள்ளுத்தாத்தா கலெக்டர் ஆபீஸ்ல பெரிய பதவி" என்றே அறிமுகப்படுத்தினார். இன்றும் எந்த விசேஷத்தில் யார் என்ன புதிதாக வாங்கினாலும், "கலெக்டர் கொடுத்தாரா?" என்று ஒருவராவது கேட்காமல் விடுவதில்லை. ஸ்பிரிங்கை அரியமங்கலத்தில் மாற்றிவிட்டேன். மாதத்தில் ஒரு ஞாயிறு சண்முகம் உறையூரிலிருந்து வந்து, இடது ஓரத்தில் ஒரு மணி நேரம் பேப்பர் படித்துவிட்டு, காபி குடித்துப் போகிறார். என்னைப் பார்க்க வருவதாகத்தான் சொல்கிறார்.

போன மாதம் என் ஆபீஸ் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். "அருமையான பீஸ் சார், எங்க பிடிச்சீங்க?" என்று சோபாவைத் தட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் வித்யாவின் நான்கு வயது மகள் அதன் மேல் ஏறி நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அறிவித்தாள்:

"இது எங்க கொள்ளுத்தாத்தா சோபா."

சண்முகத்தின் பேத்தி அவள்; சொன்னது சத்தியம். வீட்டில் இருந்த அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்துச் சிரித்தார்கள்.