உம் கொட்டிய வரிசை

கடற்கரைச் சாலையில் நான் மைக் முன்னால் நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தவர்கள்: அம்மா, அம்மாவோடு மீன் விற்கும் மரி அக்கா, ரெண்டு பேருமாகச் சேர்த்துக் கூட்டிவந்த எங்கள் வைத்திக்குப்பத்துப் பெண்கள் ஒரு வரிசை. வராதவர்கள்: அப்பா (வலையில் வேலை இருக்கிறது என்றார், கூச்சம் என்றாள் அம்மா), அப்புறம் நான் நேரில் போய் அழைத்த கல்லூரி நண்பர்கள் எல்லோரும். வராதவர்களுக்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

விஷயம் இதுதான். ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் மைக்கில் வாசிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். எனக்கு வந்தது ஏதோ ஒரு நாவலின் நடுப்பக்கம். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். படித்துவிட்டேன் என்று அம்மாவுக்குத் தெரியும். அந்தப் படிப்பை நாலு பேர் முன்னால் அவள் பார்த்ததில்லை. அன்றைக்குக் காட்டிவிடுவது என்று முடிவு செய்து, எங்கே மூச்சு விடுவது என்றுகூடப் பென்சிலால் குறித்துப் பழகினேன். (புத்தகத்தை வாங்கி முழுசாகப் படிக்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை. அவ்வளவு புத்திசாலி.)

என் முறை வந்தது. கதையில், புகுந்த வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிய ஒரு பெண், பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அக்கா வீட்டு வாசலில் மழையில் நிற்கிறாள். முதல் வாக்கியத்தை முடித்தேன்.

"உம்" என்றாள் அம்மா.

எங்கள் தெருவில் ஒருவர் கதை சொன்னால் கேட்கிறவர் உம் கொட்டியாக வேண்டும். கொட்டாவிட்டால் அது சொல்கிறவருக்கு அவமரியாதை. நான் பாடத்தை உரக்கப் படித்த காலத்தில் அம்மா மீன் ஆய்ந்துகொண்டே உம் கொட்டுவாள். புவியியலுக்கும் கொட்டியிருக்கிறாள்.

அடுத்த வாக்கியத்துக்கு மரி அக்கா சேர்ந்துகொண்டாள். அதற்கடுத்ததுக்கு வரிசை மொத்தமும். ஏலம் கூவிப் பழகிய தொண்டைகள். மைக் என்னிடம் இருந்தும் பிரயோஜனமில்லை. முன்வரிசையில் இருந்த பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர், எங்கள் ஊர் வழக்கப்படி முசே, திரும்பிப் பார்த்து, சத்தம் கூடாது என்று பிரெஞ்சில் "சிலான்ஸ்" என்றார். நிகழ்ச்சி நடத்திய மேடம் எங்கள் வரிசையிடம் போய், வீடியோ எடுக்கிறோம், சத்தமில்லாமல் கேளுங்கள் என்று தன்மையாகச் சொன்னார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதைப் பார்த்து மற்றவர்களும் பொத்திக்கொண்டார்கள்.

ஒரு வரி படித்தேன். கடல் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த வரிக்கு எனக்குக் குரல் வரவில்லை. சின்ன வயதிலிருந்து அந்த உம்மைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாண்டியிருக்கிறேன் என்பது அந்த நிமிஷம்வரை எனக்கே தெரியாது. பேப்பரை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினேன். மைக்கில் அதன் சரசரப்பு கதையில் பெய்த மழையைவிடப் பலமாகக் கேட்டது. மேடம் தலையசைத்துப் பார்த்தார். யாரோ தண்ணீர் நீட்டினார்கள்.

"ம்மா" என்றேன், மைக்கிலேயே. "நீ உம் கொட்டும்மா. இல்லன்னா எனக்குப் படிக்க வரல."

கூட்டம் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. மேடத்தைப் பார்த்தாள். அவர் சரி என்றதும் முந்தானையை எடுத்துவிட்டு, நிதானமாக, "உம்" என்றாள்.

அதன் பிறகு பென்சில் குறியெல்லாம் எதற்கு? கடைசிப் பத்தியில் முசேவும் உம் கொட்டினார். கதையில் அக்கா எழுந்துவந்து தாழ்ப்பாளில் கை வைத்தாள். பக்கம் முடிந்தது. கைதட்டலுக்குக் கும்பிட்டுவிட்டு இறங்கப் போனேன்.

"அப்புறம்?" என்றாள் மரி அக்கா.

"அவ்ளோதான்க்கா. பேப்பர் முடிஞ்சிடுச்சி."

"பொம்பள மழையில நிக்கிறா. பேப்பர் முடிஞ்சிடுச்சின்றியே. அக்காக்காரி கதவத் தொறந்தாளா இல்லியா?"

தெரியாது என்றேன்.

"இன்னாடா" என்றாள் அம்மா, "அவ கதி இன்னான்னு தெரியாமயா இத்தினி நாளா கத்திக் கத்திப் படிச்ச?"

கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. அவள் நிஜமாகவே அந்தப் பெண்ணுக்காகக் கவலைப்பட்டுக் கேட்டாள். நான் மேடத்தைப் பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை. முசே தன் பங்குக்கு அவரை விசாரிக்க ஆரம்பித்தார். அடுத்து வாசிக்க வேண்டியவர் தன் பக்கத்தை வைத்துக்கொண்டு பாவமாக நின்றார். படித்தவர்களுக்கே தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே எங்கள் வரிசை எழுந்து நடையைக் கட்டியது.

மறுநாளே புத்தகத்தை வாங்கினேன். நடுவிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் முதல் பக்கத்திலிருந்து தினம் சாயங்காலம் வீட்டில் எங்கள் வரிசைக்கு வாசித்தேன். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, எல்லாருக்கும் முந்தி உம் கொட்டினார். இப்போதும் வீட்டில் சோறு தீர்ந்தால் "பேப்பர் முடிஞ்சிடுச்சி" என்றுதான் சொல்கிறார்கள்.

அக்கா கதவைத் திறந்துவிட்டாள். அன்றைக்கு அம்மா உம் கொட்ட மறந்து, மூக்கைச் சிந்தினாள். அதோடு விட்டார்களா? நாவல் மூன்று பாகம்; மீதி இரண்டையும் வாங்க வைத்தார்கள். கேட்க வந்தவர்களுக்குக் கொடுத்த டீயும் சேர்த்து எனக்கு ஆன செலவு மொத்தம் இரண்டாயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.