ஏகமனதாய் ஒரு ராங் நம்பர்

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் கர்த்தருடைய கிருபையால் நலம். என் இடது முழங்கால் மட்டும் கிருபைக்கு வெளியே நிற்கிறது. அங்கே நீங்களும் அக்காவும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஓய்வுபெற்ற போதகரிடம் ஓராண்டுக்குச் சபைக் காரியம் எதையும் பேசக் கூடாது என்பது மேல்மன்றத்தின் விதி. அதைச் சபையாருக்கு வாசித்துக் காட்டியவனே நான். ஆகவே இதை மூப்பர் மன்றச் செயலராக அல்ல, மைத்துனனாக மட்டுமே எழுதுகிறேன். சபையைப் பற்றி இதில் ஒரு வார்த்தையும் இராது.

சபை நன்றாக இருக்கிறது. இருபத்தாறு வருஷம் ஊழியம் செய்துவிட்டு நீங்கள் புறப்பட்ட அன்று, புத்தகப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டே என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "வர்றவர் காலூன்றணும் மாப்பிள்ளை. அதுவரைக்கும் என்னை யாரும் திரும்பக் கூப்பிடாம பாத்துக்கோ." அதற்குப் பதில் கோவில் கூரையைத் தலையில் தாங்கச் சொல்லியிருந்தால் சந்தோஷமாகச் செய்திருப்பேன். எப்படிப்பட்ட போதகர் வேண்டும் என்று சபையாருக்கு ஒரு தாள் கொடுத்தோம். வந்த பதில்களைத் தொகுத்தால், வயது முப்பத்தைந்து, அனுபவம் முப்பது ஆண்டு, ஜெபிக்கும்போது காதைத் தடவ வேண்டும், பிரசங்கத்தின் மூன்றாம் பாகத்தை மறந்துவிட வேண்டும். தேடல் குழுத் தலைவியான பல் டாக்டரம்மா எல்லாவற்றையும் படித்துவிட்டு, "இது போதகர் தேவைன்னு விளம்பரம் இல்ல. காணவில்லைன்னு அறிவிப்பு" என்றார். நம் தையற்கடை மூப்பர் தாளை நிரப்பவே இல்லை. உங்கள் அங்கியை இத்தனை வருஷம் தைத்தவர். இன்னொருவருக்கு அளவெடுக்கத் தன் நாடா சம்மதிக்காது என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

பிரெஸ்பிட்டேரியன் என்றால் மூப்பர்கள் கூடி முடிவெடுக்கிறவர்கள். கூடுவது வரைக்கும் நாம் எப்போதும் சரியாகவே செய்துவருகிறோம். ஒருவழியாக ஒருவர் கிடைத்தார். மெலிந்த மனிதர், முன்பு கணக்கு வாத்தியார். நன்றாகத்தான் பிரசங்கித்தார், மூன்று பாகத்தையும் நினைவில் வைத்திருந்தார், அதைச் சிலர் குறையாகச் சொன்னார்கள். பிறகு கேள்வி நேரம். "ஐயா இருந்தப்ப அறிவிப்பெல்லாம் கடைசியிலதான் வரும், நீங்க எப்படி?" "ஐயா ஆஸ்பத்திரிக்கு நடந்தே வருவாரு, உங்களுக்கு நடை பழக்கம் உண்டா?" அவர் ஒரு தாளில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தார். குறிப்பெடுக்கிறார் என்று மகிழ்ந்தேன். கடைசியில் எண்ணிப் பார்த்துச் சொன்னார்: "நாப்பத்தோரு தடவை ஐயா வந்திருக்காரு. எனக்கு வர்றதுல சந்தோஷம்தான். ஒரே சந்தேகம். அவரு போயிட்டாரா?"

இன்னொரு சபையும் தன்னைக் கேட்டிருப்பதாகவும், மாலை ஆறு மணிக்குள் நம் அழைப்பு வராவிட்டால் அங்கே ஒப்புக்கொள்வதாகவும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். வாக்கெடுத்தோம். பதினோரு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். வழக்கப்படி, முடிவை ஏகமனதானதாகக் கருத வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தோம். அது ஏழு பேர் எதிர்ப்புடன் நிறைவேறியது.

மணி ஐந்தேமுக்கால். மூப்பர்களும் டாக்டரம்மாவும், போதகர் அங்கி மாட்டும் ஆயத்த அறையில் நின்றோம். "போதகருக்கு அழைப்புக் கொடுத்துடுங்க" என்று தையற்கடை மூப்பரிடம் சொன்னேன். அவரே அழைத்தால் மனம் மாறுவார் என்று ஒரு கணக்கு. புதியவரின் எண்ணெழுதிய சீட்டை நான் நீட்டுவதற்குள் அவர் அழுத்திவிட்டார். அவர் போனில் போதகர் என்று ஒரே ஒரு பெயர்தான் உண்டு அத்தான், அது நீங்கள். தனக்குக் காது மந்தம் என்பதால் உலகத்துக்கே மந்தம் என்று நினைக்கிற குரலில், "ஐயா, சபை உங்களை ஏகமனதா அழைக்குது" என்றார். அப்புறம்தான் திரையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம ஐயா நம்பரு" என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போனில், "கை தவறிப் போட்டாலும் தேவசித்தம்தான். பேசாம நீங்களே வந்துடுங்களேன்" என்கிறார். ஒரு மூப்பர்கூட போனை வையுங்கள் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நீங்கள் என்னிடம் கேட்டுக்கொண்ட ஒரே காரியம், அந்த அரை நிமிஷம் நான் அதை மறந்து, வருகிறேன் என்று சொல்லிவிட மாட்டீர்களா என்று நின்றுகொண்டிருந்தேன். அதை ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

அவர் மெதுவாகப் போனை இறக்கினார். "ராங் நம்பராம்" என்றார். "நீங்க தேடுற ஆளு நான் இல்ல, சரியான நம்பரைப் பாருங்கன்னு சொல்லி வச்சிட்டாரு. குரலே கரகரன்னு இருந்துச்சு."

"அழுதிருப்பாரு" என்றார் டாக்டரம்மா.

பிறகு தையற்கடை மூப்பர் என் கையிலிருந்த சீட்டைத் தாமே வாங்கி, ஒவ்வோர் எண்ணாகப் பார்த்து அழுத்தி, "ஐயா, சபை அழைக்குது. பழையவரு போயிட்டாரு, இப்பதான் போனாரு" என்றார். மணி ஆறாக நாலு நிமிஷம் இருந்தது. புதியவர் வருகிறேன் என்றார். மறுவாரமே தையற்கடை மூப்பர் அளவெடுக்க நாடாவோடு போய், "மனுஷனுக்குத் தோளே இல்ல, இருந்தாலும் தைக்கலாம்" என்று திரும்பினார். ஆறு ஞாயிறு ஆகிவிட்டன. போன ஞாயிறு நான்கு தடவைதான் 'ஐயா' வந்தது. அதில் இரண்டு புதியவரைக் குறித்தவை.

இருபத்தாறு வருஷப் பிரசங்கங்களில் எனக்கு நினைவிருப்பவை குறைவு அத்தான், மூன்றாம் பாகங்கள் எதுவுமே இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன அந்த ஒரு சொல்லை மறக்க மாட்டேன். பிரியமான ஜனங்கள் கூப்பிடும்போது ராங் நம்பர் என்று சொல்ல எவ்வளவு கிருபை வேண்டும். உங்களுக்கு என் நன்றி, சபையின் நன்றி. அக்காவுக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் இருவரையும் கர்த்தர் காக்கட்டும்.

இப்படிக்கு,
மைத்துனன் (மட்டும்)

பி.கு.: இதை மடிப்பதற்குள் என் மனைவி எடுத்து, அக்காவுக்குப் போன் போட்டு முழுக்க வாசித்துக் காட்டிவிட்டாள். தையற்கடை மூப்பர் போட்ட அந்தப் பழைய எண்ணை நீங்கள் விட்டு நாலு மாதம் ஆகிறதாமே. இவள் உடனே அதற்கும் அடித்தாள். எடுத்தவர் ஒரு டயர்க்கடைக்காரர். "அன்னைக்கு ஒருத்தர் கத்துனாரு, இன்னைக்கு நீங்களா? யாருங்க நீங்கள்லாம்?" என்றாராம், கரகரத்த குரலில். ஆகவே மேலே நான் சொன்ன நன்றி அத்தனையும் அவரையே சேரும். முன்னாள் போதகர் மறுத்தார் என்று நான் எழுதிய நடவடிக்கைக் குறிப்பை மன்றம் ஏற்றுக்கொண்டுவிட்டது. திருத்தம் வேண்டுமானால் யாராவது முன்மொழிய வேண்டும், நான் முன்மொழியப்போவதில்லை. நீங்கள் எதற்காக எண்ணை மாற்றினீர்கள் என்று இவள் கேட்டதற்கு அக்கா, "அவங்க கூப்பிட்டா மாட்டேன்னு சொல்ல அவருக்கு வாய் வராது, அதான்" என்றாராம். புது எண்ணையும் சொல்ல ஆரம்பித்தார். இவள் எழுதிக்கொள்ளப் போனாள். நான் பேனாவை வாங்கி வைத்துவிட்டேன்.