நாலு பேருக்கு மேல் கூடாது

இந்த நாட்டில் துறைத்தலைவர்களுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. ஆனால் தன் துறை எந்த நிமிடமும் வெடித்துச் சிதறிவிடும் என்று மனப்பூர்வமாக நம்பி, அதற்குத் தகுந்தபடி நிர்வாகமும் நடத்திய ஒரே துறைத்தலைவர் எங்கள் போர்மேன் சார்தான். சந்தேகம் இருப்பவர்கள் விருதுநகருக்கு வந்து, எங்கள் கல்லூரியின் வேதியியல் துறையில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

வாத்தியார் வேலைக்கு வருமுன் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவர். அதனால் அந்தப் பெயர். வேலை மாறினாரே தவிர புத்தி மாறவில்லை. செல்போனில் நாங்கள் பாம்பு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்த காலத்தில், ஆறு மாதச் சோதனை அடிப்படையில் அவரைத் துறைத்தலைவராக்கினார்கள். முதல் நாளே உத்தரவு வந்தது.

"ஒரு ரூமுக்குள்ள நாலு பேருக்கு மேல இருக்கப்பிடாது."

"சார், இது ஸ்டாஃப் ரூம். பட்டாசு ஆலை வெடிமருந்து ரூம் இல்ல" என்றேன்.

"எந்த ரூமா இருந்தா என்ன தம்பி? ஆளு சேந்தா சூடு. சூடு சேந்தா வெடி. அம்புட்டுதேன்."

அன்றிலிருந்து துறைக் கூட்டம் அவரையும் சேர்த்து நாலு நாலு பேராக நடந்தது. காலையில் முதல் அணியிடம் "வெள்ளிக்கிழமை மாதிரித் தேர்வு" என்பார். அவர்கள் முனகுவார்கள். அந்த முனகலுக்கு இரங்கி, இரண்டாம் அணியிடம் "திங்கட்கிழமை" என்பார். மூன்றாம் அணி உள்ளே போய் உட்காரும்போது தேர்வே ரத்தாகியிருக்கும். மாணவர்கள் அவரைத் தெய்வமாகக் கும்பிட்டதில் ஆச்சரியமில்லை.

அவர் அறை வாசலில் ஒரு செப்புத் தகடு அடித்திருந்தார். பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் போகுமுன் உடம்பிலுள்ள மின்சாரம் இறங்கத் தகட்டைத் தொடுவார்களாம். இங்கே அவரிடம் சண்டை போட வருகிறவர்கள் தொட வேண்டும். "மொதல்ல கரண்ட்ட எறக்குங்க, பெறகு என்னைய வையுங்க" என்பார். வெறுந்தகட்டை ஒரு நிமிடம் தடவிக்கொண்டு நின்றால் எந்த மனிதனுக்குக் கோபம் நிற்கும்? நான் வந்த விஷயமே மறந்து பலமுறை திரும்பியிருக்கிறேன்.

அவருடைய பெரிய கவலை மூத்த பேராசிரியர்கள் இருவர்: முத்துராஜ் சார், ஜெயக்கொடி மேடம். இருவருக்குமே அந்த நாற்காலி மேல் கண். ஒருவரோடு ஒருவர் பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிவிட்டது. "அவுக குளோரேட்டு, இவுக கந்தகம். ஒண்ணா வச்சா கட்டடமே இருக்காது" என்று கால அட்டவணையையே மாற்றி, இருவரும் ஒரே மாடியில்கூட இல்லாதபடி பார்த்துக்கொண்டார்.

இப்படியிருக்கையில்தான் புதிய துறைத்தலைவர்களுக்கெல்லாம் தலைமைப் பண்பு வளர்க்கச் சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். ஒரே கூடத்தில் அத்தனை பேரையும் அடைத்து, கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டார். போர்மேன் சார் கதவிடுக்கில் காலைக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார். புரொஜெக்டர் ஓட்ட என்னைப் போட்டிருந்தார்கள்.

"தலைவரின் முதல் கடமை என்ன?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

ஒருவர் தொலைநோக்கு என்றார். இன்னொருவர் முன்மாதிரி என்றார்.

போர்மேன் சார் எழுந்து, "சாயந்தரம் எல்லாரும் முழுசா வீடு போய்ச் சேரணும்" என்றார். கூடமே சிரித்தது. நானும்தான்.

அடுத்து விளையாட்டு. ஆளுக்கொரு பலூனைக் காலில் கட்டிக்கொண்டு, அடுத்தவர் பலூனை மிதித்து உடைக்க வேண்டும். முதல் பலூன் 'டப்' என்றது.

"ஏலே, வெளிய ஓடுங்கலே!"

அந்தச் சத்தத்தில் நானே வராண்டாவில் இருந்தேன். போர்மேன் சார் பொருளாதாரத் துறைத்தலைவரை இடுப்போடு தூக்கிக்கொண்டு வந்தார். பயிற்சியாளரை டையைப் பிடித்து இழுத்துவந்து வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார். பிறகு சிவப்பு வாளியோடு உள்ளே ஓடி, சூடாகக் காற்று விட்டுக்கொண்டிருந்த புத்தம்புது புரொஜெக்டர் மேல் மணலைக் கொட்டிவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

கல்லூரிச் செயலர் அண்ணாச்சி பருப்பு வியாபாரி. வெடிச் சமாச்சாரம் அவருக்குத் தெரியாது. "இந்தாளுக்குக் கிறுக்கு முத்திருச்சு. நாளைக்கே வேற ஆளப் போடுறேன்" என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் கொண்டாடியிருக்க வேண்டும். ஏனோ யாருக்கும் டீ இறங்கவில்லை. போர்மேன் சார் மேசையைக் காலி செய்துகொண்டே, "புதுசா வர்றவுககிட்ட சொல்லிருங்க தம்பி, அந்த ரெண்டு பேரையும் சேத்து வச்சிரப்பிடாது" என்றார்.

முத்துராஜ் சார் விருட்டென்று எழுந்தார். "நான் அண்ணாச்சியப் பாக்கப் போறேன்."

நாற்காலி கேட்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். வெளியே மாடிப்படியிலிருந்து "இருங்க, நானும் வர்றேன்" என்றது ஒரு குரல். ஜெயக்கொடி மேடம்! எதற்கும் இருக்கட்டும் என்று நானும் பின்னால் ஓடினேன்.

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். "வாங்க. உங்க ரெண்டு பேருல ஒருத்தருக்குத்தேன் குடுக்கலாம்னு இருக்கேன்."

"எனக்கு வேண்டாம் அண்ணாச்சி" என்றார் மேடம். "அவரே இருக்கட்டும்."

"நாங்க எல்லாரும் பஸ் ஏறுற வரைக்கும் தெனமும் கேட்லயே நின்னு தல எண்ணுறாரு அந்த மனுஷன்" என்றார் முத்துராஜ் சார். "எங்களுக்கு இப்பிடி ஒருத்தரு இனிமே எங்க கெடைப்பாரு?"

"அப்ப புரொஜெக்டரு?"

"மண்ணத் தட்டிவிட்டா ஓடும் அண்ணாச்சி" என்றேன், ஓடாது என்று தெரிந்தே.

அண்ணாச்சி சிரித்துவிட்டார். "சரி, இருந்து தொலைக்கட்டும்."

அந்த நேரம் பார்த்துக் கதவு படாரென்று திறந்தது. வாசலில் மூச்சிரைக்க, கையில் மணல் வாளியோடு போர்மேன் சார்.

"இவுக ரெண்டு பேரையும் ஒரே ரூமுக்குள்ள எவன்லே விட்டது?"

மேடம்தான் விஷயத்தைச் சொன்னார். போர்மேன் சார் எங்களை ஒவ்வொருவராக ஏற இறங்கப் பார்த்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு, அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். அவரைக் கேலி பேசியே பொழுதைப் போக்கிய எங்களுக்கு, அவர்மேல் எங்களுக்கிருந்த பிரியம் அன்றைக்குத்தான் தெரிந்தது.