லேப்டாப்புக்குக் கொடுத்த காபி

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் கை நடுங்கிக் காபியைக் கொட்டிய பெண்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். ஒருத்தருமே வராத அறையில் குனிந்து நின்று காபி நீட்டி, அதையும் கொட்டியவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

அப்போது கல்வராயன் மலையில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்துப் புதிது. (எங்கள் களமருதூர் பக்கம் கவர்மெண்டு வேலை என்றால் அது எந்த மலை உச்சியில் இருந்தாலும் ஓடிப்போய் ஏறிவிட வேண்டும். ஏறினேன்.) கொரோனா காலம். ஆபீசுக்குப் பாதிப் பேர் வருவதில்லை. வந்தவர்களும் மாஸ்க்கைக் கழற்றாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். நான் மட்டும் வெள்ளிமலையில் ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பனியையும் சுவரையும் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.

எனக்குத் துணை, ப்ளஸ் டூவில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லேப்டாப். முதலில் அதில் படம் ஓடவிட்டுச் சாப்பிட்டேன். போகப் போகப் படத்தை நிறுத்திவிட்டு அதனிடமே பேச ஆரம்பித்துவிட்டேன். "இன்னிக்கு ரசத்துல உப்பு ஜாஸ்தி, இன்னா சொல்ற?" என்பேன். அது ஒன்றும் சொல்லாது. ஆபீசிலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை என்பதால் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இந்த லட்சணத்தில்தான் வரன் வந்தது. பையனுக்குப் பெங்களூரில் கம்பெனி வேலை. பையனின் அப்பா அம்மா உளுந்தூர்பேட்டை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. இட ஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் மறியல் நடந்துகொண்டிருந்த நேரம் அது. எங்கள் சித்தப்பாவே கொடியோடு ரோட்டில் உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை மலைக்கு வர வேண்டிய பஸ் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. அண்ணன் மகள் இறங்கி வர முடியாதபடி மறித்தவர்களில் சித்தப்பாவும் ஒருவர் என்பதை இன்றுவரை அவர் ஒப்புக்கொள்வதில்லை.

அம்மா போனில் சொன்னாள். "நாள் நல்ல நாளு, தள்ளிப் போட முடியாது. மாப்ள பெங்களூர்லேந்து கம்ப்யூட்டர்ல வராராம். அவுங்க அப்பா அம்மா நம்ம வூட்டுக்கு வண்டியில வந்துடுவாங்க. நீயும் கம்ப்யூட்டர்ல வா."

"சரி, வரேன்."

"புடவ கட்டிக்க. காபி எடுத்தாந்து குடு."

"யாருக்கும்மா?"

"யாருக்கா? பொண்ணு காபி குடுக்காம இன்னாடி பொண்ணு பாக்கறது? சாஸ்திரத்துக்காவது நீட்டணும்."

நான் படித்தவள், பட்டதாரி. ஆனால் அம்மா சொன்னது எனக்கு அப்போது முழு நியாயமாகப் பட்டது. மாப்பிள்ளைக்கு ஒன்று, அவர் அம்மாவுக்கு ஒன்று என்று அளந்து இரண்டு தம்ளர் காபி போட்டேன். சர்க்கரைகூடப் போட்டேன். யார் குடிக்கப் போகிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் என் வரலாறே வேறு.

லேப்டாப்பில் ஸ்பீக்கர் கரகரக்கும். அதனால் வயர் வைத்த ஹெட்போனைக் காதில் மாட்டி மேலே பூவை இழுத்துவிட்டு மறைத்தேன். போனை லேப்டாப் பக்கத்தில் வைத்து அதிலிருந்து நெட் கொடுத்தேன். திரையில் ஒரு கட்டத்தில் எங்கள் வீட்டுக் கூடமே தெரிந்தது. இன்னொரு கட்டத்தில் மாப்பிள்ளை, பின்னால் வெறும் சுவரோடு.

எல்லோரும் எல்லாவற்றையும் விசாரித்தார்கள். சம்பளம், டிரான்ஸ்பர், சமையல். மாப்பிள்ளை கேட்டது ஒன்றே ஒன்றுதான். கடைசியில், "சாப்ட்டீங்களா?" என்றார்.

மதியம் மூன்று மணி. நான் சாப்பிடவில்லை. அந்த மலைக்கு வந்த நாளிலிருந்து என் முகத்தைப் பார்த்து யாரும் அதைக் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது. இந்த ஆளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அந்த நொடியே முடிவு செய்துவிட்டேன்.

"காபி குடும்மா" என்று காதுக்குள் அம்மாவின் குரல்.

தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். "நல்லா குனிஞ்சி குடு" என்றாள். குனிந்தேன். ஹெட்போன் வயர் தட்டின் விளிம்பில் மாட்டியிருந்தது தெரியாது. குனிந்தவள் மரியாதையாக நிமிர்ந்தபோது வயரும் நிமிர்ந்தது, தட்டும் அதோடு வந்தது. இரண்டு தம்ளரும் கீபோர்டின் மேல்! மாப்பிள்ளைக்கு ஒன்று, அவர் அம்மாவுக்கு ஒன்று. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

திரை ஒரு தடவை மினுக்கிவிட்டு இருண்டது.

ஹெட்போனைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்தேன். ஒரு தடவை தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம் அழுதேன் பாருங்கள், அப்படி ஓர் அழுகை. "அய்யோ, நீயும் போய்ட்டியா? ஆபீசு வுட்டு வந்தா உங்கிட்டதான பேசிக்கினு இருந்தேன்? இந்த மலையில சாப்ட்டியானு கேக்க ஒரு நாதி இல்ல. இன்னிக்குதான் ஒரு ஆளு கேட்டாரு, அவரையும் தொலச்சிட்டனே! நல்ல ஆளா இருந்தாரே! எந்திரிடா, தயவுசெஞ்சி எந்திரிடா!"

எழவில்லை. உள்ளே போன காபி வெளியே வரட்டும் என்று லேப்டாப்பைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். வந்தது. நேராகப் போனின் மேல் கொட்டியது. அதுவும் செத்தது.

வீட்டுச் சொந்தக்காரர் பொன்னி அக்கா சத்தம் கேட்டு ஓடி வந்தார். அவரிடம் போன் இருந்தது. எனக்குத்தான் ஒரு நம்பரும் மனப்பாடமில்லை. பெற்ற அப்பாவை "அப்பா" என்றே சேமித்து வைத்திருந்தால் வேறென்ன ஆகும்? நனைந்ததை அரிசியில் புதைத்தால் ஈரத்தை இழுக்கும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். என்னிடம் இருந்தது ஒருவேளைச் சோற்றுக்கான அரிசி.

"எங்கூட்ல சாம இருக்குது. ஒரு மூட்ட. போடறியா?" என்றார் அக்கா.

சாமை கடுகளவு இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். புதைத்தேன். லேப்டாப்பில் இத்தனை ஓட்டைகள் இருக்கின்றன என்பதை அன்றைக்குத்தான் சாமை கண்டுபிடித்தது. சர்க்கரைக் காபியின் வாசனைக்கு எறும்பும் வந்து சேர்ந்தது.

அதற்கப்புறம் பஸ் ஓடும்வரை ஆபீசும் பூட்டிக் கிடந்தது. கொண்டை ஊசியால் கீபோர்டிலிருந்து சாமையைப் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருப்பார்கள், அம்மா அழுதிருப்பாள், மாப்பிள்ளை அந்த வெறும் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து சிரித்திருப்பார் என்று நானே கதை கட்டி நானே அழுதேன். பேசுவதற்கு இப்போது லேப்டாப்பும் இல்லை. 

முதல் பஸ்ஸில் அப்பா வந்து இறங்கினார். கையில் ஒரு பை. நான் ஓடிப்போய், "அப்பா, மன்னிச்சிடுப்பா, வேணும்னு ஊத்தலப்பா" என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கதறினேன்.

"இன்னாத்துக்கு அழுவுற? தையில கல்யாணம். மாப்ள அன்னிக்கே சரின்னுட்டாரு. ஊருக்கே லட்டு குடுத்தாச்சு, உனுக்குதான் பாக்கி" என்று பையை நீட்டினார்.

"அதான் கட் ஆயிடுச்சேப்பா?"

"கட் ஆவலியே. உன் படந்தான் போச்சு. நீ பொலம்பனது அத்தினியும் இங்க கேட்டுச்சு. நாங்க எல்லாரும் கத்தறோம், உனுக்கு கேக்கல. அவுங்க அம்மா, 'இன்னாங்க இது, பொண்ணு மெஷினோட பேசுது'ன்னு எழுந்துட்டாங்க. மாப்ளதான், 'செத்த கம்முனு இரும்மா'ன்னுட்டு, லைனு தானா நிக்கற வரிக்கும் கேட்டுக்கினு இருந்தாரு."

அப்படியென்றால் முதலில் செத்தது திரைதான், மைக் இல்லை; அவர்கள் கத்தியது கட்டிலில் எறிந்த ஹெட்போனுக்குள் கேட்டிருக்கும். நான் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு நிச்சயம் ஆன சேதி என்னைத் தவிர மாவட்டத்துக்கே தெரிந்திருந்தது.

இறங்கும் வழியில் கள்ளக்குறிச்சியில் லேப்டாப்பை ஒரு கடையில் கொடுத்தோம். கடைக்காரர் திறந்து மேஜைமேல் தட்டினார். சாமை சரசரவென்று கொட்டியது. "உள்ள உப்புமா கிண்டினீங்களா மேடம்?" என்றார். லேப்டாப் பிழைக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அத்தை, அதாவது மாமியார், எந்த விசேஷத்தையும் விடுவதில்லை. தலையில் அடித்துக்கொண்டு என் குரலிலேயே, "நல்ல ஆளா இருந்தாரே!" என்று நடித்துக் காட்டுவார். பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். வேறென்ன செய்ய?

ஒருநாள் கணவரிடம் கேட்டே விட்டேன். "அவ்ளோ பொலம்பலையும் கேட்டுட்டு எப்டிங்க சரின்னு சொன்னீங்க?"

"லாக்டவுன் பூரா ரூம்ல நான் ஒருத்தந்தான். ரைஸ் குக்கர்கிட்ட பேசிக்கினு இருந்தேன். விசில் குக்கரா இருந்தா பதிலாவது சொல்லும். என்னுது எலக்ட்ரிக்கு. 'டக்'குனு ஒரு சத்தம், அவ்ளோதான்" என்றார்.

அந்தக் குக்கர் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. சண்டை போட்டுக்கொண்டு யாராவது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால், "போ, குக்கர்கிட்ட போய் பேசு" என்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். (கோபத்தில் ஒரு தடவை நிஜமாகவே போய்ப் பேசிப் பார்த்தேன். நன்றாகத்தான் கேட்டுக்கொள்கிறது.)