ஒரு பஸ் முழுக்க மகளிர் மட்டும்

எனக்கு மற்றவர்களைப் போல இருக்க வராது. பெருமைக்காகச் சொல்லவில்லை. பல வருடம் முயன்று கோட்டை விட்டவள் நான்.

மராட்டிய மண்ணில், ஐ.டி. பேட்டையான ஹிஞ்சேவாடியில் சாப்ட்வேர் டெஸ்டராக இருந்தபோது அந்த முயற்சியே எனக்கு முழுநேர வேலை. புரியாத ஜோக்குக்கெல்லாம் சிரித்தேன். ட்யூப்லைட் இரைச்சல் காதைக் குடைந்தாலும் (வேறு யாருக்கும் அது கேட்காதாம்!) பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு காலை, கம்பெனி வண்டி வாசலில் ஹாரன் அடிக்க, ஒரு காலில் மட்டும் செருப்போடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. வேலையும் போயிற்று. இது ஆட்டிசம் என்றும், அதை மறைத்து மறைத்தே நான் களைத்துப்போனேன் என்றும் டாக்டர் சொன்னார்.

சில மாத ஓய்வுக்குப் பிறகு மகர்பட்டாவில் ஒரு சின்னக் கம்பெனியில் இன்டர்வியூ. இதிலும் தோற்றால் இனி வேலைக்கே லாயக்கில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். என் கணவர் சிவா, ஔந்தில் எங்கள் வீட்டு ஹாலில் வைத்துப் பயிற்சி கொடுத்தார்.

"கண்ணப் பாத்துப் பேசோணும். சிரிச்ச மூஞ்சியா இரு. தப்புகிப்பு கண்ணுல பட்டாலும் வாயத் தொறந்துறாத, சாமி."

"பலவீனம் என்னன்னு கேட்டா?"

"அளவுக்கு மீறி உழைக்கறதுன்னு சொல்லு." (என்னைத் தரையில் உட்கார வைத்ததே அதுதான் என்பது இருவருக்கும் அப்போது உறைக்கவில்லை.)

அங்கே போனால், முதலாளி தேஷ்பாண்டேவுக்கு இருப்பதே ஒரே அறை. மூலையில் டிராவல்ஸ் உரிமையாளர் ஒருவர், தனக்காகத் தயாரான பஸ் டிக்கெட் சாப்ட்வேரைத் திரையில் பார்த்தபடி சாய் குடித்துக்கொண்டிருந்தார். சாய் தீர்ந்ததும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

நான் தேஷ்பாண்டேவின் கண்ணைப் பார்த்தேன். இமைக்காமல் பார்த்தேன். அவர் தன் முகத்தில் ஏதோ ஒட்டியிருப்பதாக நினைத்துக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"உங்கள் பலவீனம் என்ன?"

"அளவுக்கு..." என்று ஆரம்பித்தபோது பார்வை திரைக்கு நழுவியது. உரிமையாளர் சோதனைக்காக ஒரு பெண்ணுக்கு டிக்கெட் போட்டதும், பக்கத்து இருக்கையும் தானாகவே பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு ரோஸ் நிறமானது. அவ்வளவுதான், சிவாவின் பயிற்சி காற்றில் பறந்தது. எழுந்து போய் உரிமையாளர் கையிலிருந்த மவுஸைப் பிடுங்கினேன். ஒவ்வொரு ஜோடி இருக்கையிலும் ஒரு பெண்ணை ஏற்றினேன். கமலா, விமலா, என் நாத்தனார் என்று பஸ்ஸே ரோஸானது. பிறகு எல்லா டிக்கெட்டையும் ரத்து செய்தேன். ஓர் இருக்கையின் ரோஸ் நிறம்கூட மாறவே இல்லை. பயணியே இல்லாத பஸ்ஸில் ஓர் ஆணுக்கும் இடமில்லை!

"அஹோ மேடம், ஹே காய் கேலத்?" (என்னம்மா பண்ணினீங்க?) என்று மராத்தியில் உரிமையாளர் அலறினார். "போட்டிக்காரன் தினமும் இப்படிச் செய்தால் என் கதி?" கையெழுத்துப் போடாமலே கிளம்பிவிட்டார்.

தேஷ்பாண்டே தலையில் கை வைத்து உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "இதுதான் சார் என் பலவீனம். தப்பைப் பார்த்தால் விட முடியாது. ட்யூப்லைட் சத்தம் ஆகாது. கூட்டமாகச் சாப்பிட வராது."

அவர் எழுந்து போய் ட்யூப்லைட்டை அணைத்தார். "திங்கட்கிழமை வாருங்கள். அவர் திரும்பி வருவதற்குள் வேறு என்னவெல்லாம் உடையும் என்று பார்த்துவிடுங்கள்."

இத்தனை நாள் ஒளித்து வைத்த குணம்தான் அன்றிலிருந்து எனக்குச் சோறு போடுகிறது. டிராவல்ஸ்காரரும் திரும்பி வந்தார். நான் உடைத்துப் பார்க்காத எதிலும் அவர் இப்போது கையெழுத்துப் போடுவதில்லை.

சிவா பாடுதான் திண்டாட்டம். கோவைக்கு டிக்கெட் எடுக்க உட்கார்ந்தால் போதும், இந்தக் கதை தெரிந்த என் மாமியாரின் குரல் போனில் வந்துவிடும்:

"டேய், பஸ்ஸுல ஆம்பளைக்கு எடம் விட்டிருக்காளான்னு மொதல்ல உன்ற பொண்டாட்டியக் கேளு!"